மையில் தெரிந்த தண்ணீர்

நண்பர் ஒருவர் தாம் எழுதி முடித்த துப்பறியும் நாவலின் கையெழுத்துப் படியை மூன்று மாதங்களுக்கு முன்பு எனக்கு அனுப்பி, தயவு தாட்சண்யம் பார்க்காமல் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். காணாமல் போன வங்கி ஊழியர் ஒருவரைத் தேடும் கதை. தேடுகிறவர் ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர். அவருக்குத் துணையாக வருபவள், வெற்றிலையில் தடவிய மையில் எதையும் பார்த்துவிடக்கூடிய பத்து வயதுச் சிறுமி. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தச் சிறுமி மையை உற்றுப் பார்த்து, காணாமல் போனவர் போட்டிருந்த சட்டையின் நிறம், அவர் ஏறிய பேருந்தின் தடம் எண், இறங்கிய இடத்தில் இருந்த டீக்கடையின் பெயர்ப்பலகை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மை மங்கிப் போகிறது; அந்த இரவே காணாமல் போனவர் ஆவியாக வந்து, தம்மைக் கொன்றவன் இன்னான் என்று சொல்லிவிட்டு மறைகிறார். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. இரவு ஒரு மணி வரை விழித்திருந்து படித்து முடித்தேன். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை.

பேய்க்கதைகளிடம் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. முனி அடித்தவர்களையும் சாமி இறங்கியவர்களையும் பார்த்து வளர்ந்தவன் நான். மையில் உருவம் தெரிந்ததைப் பற்றிக்கூட நண்பரோடு சண்டை போட மாட்டேன். அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. ஏனென்றால் நான் மையில் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில், காணாமல் போன என் சித்தப்பாவைத் தேடி. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கே இப்படி ஒன்று நடந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நண்பருக்கு எழுத நினைத்த பதில் அங்கேதான் தொடங்கியது.

ஒற்றைக் கையுறை

1926 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் பெர்க்ஷயர் பகுதியில் சன்னிங்டேல் என்ற ஊரில், இரவு பத்து மணிக்குச் சற்று முன்பாக, துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி மாடிக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயது மகளைப் பார்த்துவிட்டு, தம் மோரிஸ் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலை அந்தக் கார் பக்கத்து சர்ரே பகுதியில், நியூலாண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில், ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்கு மேலே சரிவில் நின்றது. உள்ளே அவருடைய ரோமக் கோட்டு, ஒரு சிறிய பெட்டி, ஓட்டுநர் உரிமம். ஆள் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் தாயார் இறந்திருந்தார்; கணவர் ஆர்ச்சி தமக்கு நான்சி நீல் என்ற பெண்ணோடு உறவு இருப்பதைச் சொல்லி மணவிலக்குக் கேட்டிருந்தார். மற்றவை வாசகர்கள் அறிந்தவை. பதினொரு நாள் இங்கிலாந்தே அல்லோலகல்லோலப்பட்டது.

இதில் எனக்கு எப்போதும் ஆர்வம் தருவது, இரண்டு எல்லைகளின் காவல்துறை ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாக நினைத்ததுதான். கார் கிடைத்த சர்ரேயில் தேடுதலை நடத்திய கென்வர்டு, அவர் இறந்துவிட்டார் என்றும் உடல் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் கிடக்கிறது என்றும் உறுதியாக நம்பினார். அதனால் மோப்ப நாய்கள் வந்தன. ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டிப் புதர் புதராகத் தேடினார்கள். சைலண்ட் பூல் என்னும் குளத்தைத் துழாவினார்கள். வீடு இருந்த பெர்க்ஷயரின் அதிகாரி கொடார்டோ அவர் உயிரோடு எங்கேயோ இருக்கிறார் என்று எண்ணினார். ஆதாரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவர் தண்ணீரைப் பார்த்தார். இன்னொருவர் சாலையைப் பார்த்தார்.

இதற்கிடையில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் உள்ளே வருகிறார். முதல் உலகப் போரில் காயம்பட்ட மூத்த மகனை 1918-இல் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். இறந்தவர்களோடு பேச முடியும் என்று ஊர் ஊராகச் சென்று மேடையில் பேசியவர். அதே 1926-இல் ஆவியுலகக் கொள்கையின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டவர். கிறிஸ்டி அணிந்திருந்த ஒரு கையுறையை வாங்கி, ஹோரஸ் லீஃப் என்பவரிடம் கொடுத்தார். ஒரு பொருளைத் தொட்டால் அதன் உடைமையாளரைப் பற்றிச் சொல்லக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர் லீஃப். யாருடைய கையுறை என்று சொல்லவே இல்லை, ஆனாலும் உடனே அகதா என்ற பெயரைச் சொன்னார் என்று டாயில் பின்னர் பத்திரிகைக்கு எழுதினார். கையுறைக்குரியவர் பாதி மயக்கத்திலும் பாதி ஏதோ ஒரு நோக்கத்தோடும் இருக்கிறார், பலர் நினைப்பதுபோல் இறக்கவில்லை, வருகிற புதன்கிழமை அவரைப் பற்றிச் சேதி வரும் என்றாராம் லீஃப்.

டிசம்பர் 14, செவ்வாய்க்கிழமை மாலை, யார்க்ஷயரின் ஹாரகேட் ஊரில் ஒரு நீர்ச் சிகிச்சை விடுதியில் கிறிஸ்டியைக் கண்டுபிடித்தார்கள். புதன்கிழமை காலை நாளிதழ்கள் எல்லாவற்றிலும் அதுதான் செய்தி. டாயில் பூரித்துப் போனார்.

சிரித்துவிட்டுப் போவது எளிது. லண்டன் பத்திரிகைகளில் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த பெயர் அது. தேடப்படுவது யார் என்று டாயிலுக்குத் தெரியும், டாயில் எதற்காக ஒரு பெண்ணின் கையுறையோடு வந்திருக்கிறார் என்று லீஃபால் ஊகிக்கவும் முடியும். ஹோம்ஸிடம் ஒரு கட்சிக்காரர் இந்தக் கதையோடு வந்திருந்தால் இரண்டே வரியில் உடைத்துப் போட்டிருப்பார். ஆனால் வேறு ஒன்றைக் கவனியுங்கள். டாயிலுக்குத் தெரியாத ஆவி அழைப்பாளர்களா? இருட்டறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செத்தவர்களைக் கூப்பிடும் கூட்டங்களில் வாழ்க்கையின் கடைசிப் பகுதியைக் கழித்தவர் அவர். அந்த வாரம் அவர் அப்படி ஒரு கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை; கையுறையை எடுத்துக்கொண்டு போனார். ஆவியைக் கூப்பிட்டு அது வந்துவிட்டால் தேடுதல் அத்தோடு முடிந்தது. உயிரோடு இருப்பவரைத் தேட வேறு வாசல் தட்ட வேண்டும். எந்த வாசலைத் தட்டுகிறோம் என்பதிலேயே நாம் எதை நம்ப விரும்புகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

ஹாரகேட் என்ற பெயரை லீஃப் சொல்லவில்லை. மனிதர்களிடம் அதற்கு நெருக்கமான ஒரு துப்பு முன்பே இருந்தது. கணவரின் தம்பிக்கு கிறிஸ்டி ஒரு கடிதம் எழுதியிருந்தார்; யார்க்ஷயரில் ஒரு நீர்ச் சிகிச்சை விடுதிக்குப் போகிறேன் என்று அதில் இருந்தது. அவர் கடிதத்தைத் தொலைத்துவிட்டார். லண்டன் அஞ்சல் முத்திரையோடு உறை மட்டும் மிஞ்சியது. யார்க்ஷயரில் விசாரித்துப் பார்த்தபோது அந்தப் பெயரில் யாரும் தங்கவில்லை என்று பதில் வந்தது. உண்மைதான். விடுதியின் பதிவேட்டில் அவர் கேப்டவுனிலிருந்து வந்த திருமதி தெரசா நீல். கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரையே போட்டுக்கொண்டு, ஊரே தேடும் செய்திகள் வந்த நாளிதழ்கள் கிடக்கும் கூடத்தில் உட்கார்ந்து, மாலை நேரத்தில் இசைக்குழுவுக்கு எதிரில் நடனமும் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் பாஞ்சோ வாசிப்பவர்தான் முகத்தை அடையாளம் கண்டு சேதி அனுப்பினார். இதிலெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் ஒன்று உண்டு: தெரசா நீலின் உற்றார் உறவினர் தொடர்புகொள்ளவும் என்று டைம்ஸ் நாளிதழில் அவரே காசு கொடுத்து ஒரு விளம்பரம் போட்டிருந்தார். நாடெல்லாம் அவரைத் தேடிக்கொண்டிருக்க, அவர் தம் பங்குக்கு யாரையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நினைவு தப்பியது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் இறந்து அடுத்த ஆண்டு, 1977-இல், வெளிவந்த தன்வரலாற்றில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தலைச்சன் பிள்ளை

எங்கள் சித்தப்பா போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். 1987, பொங்கல் கழிந்த அடுத்த வெள்ளி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, குச்சி அடுக்குகிற ஆச்சிக்குக்கூட அது ஆபீஸ்தான்.) சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கருப்பட்டிக் காப்பி குடித்து, இந்தா வந்துவிடுகிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் வரவில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் ரயிலடி சைக்கிள் ஸ்டாண்டில் கிடைத்தது. பூட்டியிருந்தது; சாவி கேரியரில் சணலால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. திரும்பி வருகிறவன் சாவியைக் கட்டித் தொங்கவிடுவானா, சாகப் போகிறவன் சைக்கிளைப் பூட்டுவானா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வீட்டுத் திண்ணையில் பேசினார்கள். சர்ரேக்காரரும் பெர்க்ஷயர்க்காரரும் எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். மேன் மிஸ்ஸிங் என்று பதிவு செய்தார்கள். திருநெல்வேலியிலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அங்க அடையாளம் கேட்டார்கள். வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்று சொல்லிவிட்டு, அது இடது கையோ என்று வீட்டுக்கு வந்தபின் அப்பா தவித்தது நினைவிருக்கிறது. போட்டோ என்று கல்யாணப் படம் ஒன்றுதான் இருந்தது. ஸ்டுடியோவில் கொடுத்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். மாலையின் ஓரத்தில் சித்தியின் பட்டுப் புடவைத் தோள் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாளிதழில் அந்தப் படத்தோடு போட்ட விளம்பரத்தில், யாரும் எதுவும் கேட்க மாட்டோம், அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், உடனே வரவும் என்று இருந்தது. ஆச்சி அப்போது நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். காணவில்லை விளம்பரத்தில் அம்மாவைப் படுக்க வைப்பது ஊர் வழக்கம்.

பத்து நாள் கழிந்தது. குறி கேட்கலாம் என்று பேச்சு வந்தது. பக்கத்து ஊரில் கோடாங்கி ஒருவர் இருந்தார். அவர் உடுக்கடித்துக் கூப்பிட்டால் செத்தவர்கள் வந்து பேசுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெரியவர்கள் அங்கே போகலாம் என்றபோது ஆச்சி கதவு நிலையில் கையை வைத்து மறித்தார். “அவன் கூப்பிட்டு இவன் வந்துட்டாம்னா நா என்னல செய்வேன்?” என்று கேட்டார். வேறு யாரும் பேசவில்லை. கோவிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது. கடைசியில், எட்டயபுரம் போகிற சாலையில் ஒரு கிராமத்தில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போவது என்று முடிவாயிற்று. உயிரோடு இருப்பவரைத்தான் மை காட்டும் என்றார் ஆச்சி. எங்கிருந்து அறிந்தாரோ தெரியாது. கையுறையை எடுத்துக்கொண்டு போன சர் பட்டம் பெற்ற சீமைக்காரரும், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆச்சியும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

மை பார்ப்பதற்குத் தலைச்சன் பிள்ளை வேண்டும். மைக்காரரே பார்க்கக் கூடாது. கள்ளம் அறியாத கண்ணுக்குத்தான் தெரியும். வீட்டில் தலைச்சன் நான்.

சாணம் மெழுகிய தரையில் கிழக்குப் பார்த்து என்னை உட்கார வைத்தார். விளக்கு எனக்குப் பின்னால், சற்றுத் தள்ளி. கொழுந்து வெற்றிலை ஒன்றின் நடுவில் எட்டணா அகலத்துக்கு மையைத் தடவி என் கையில் கொடுத்தார். விளக்கெண்ணெய்ப் புகை வாசம் மூக்கில் ஏறியது. கண் இமைக்காமல் பார் என்றார். நான் பார்த்தேன். கறுப்புக்குள் என் மூக்குத் தெரிந்தது. அதற்கு மேலே விளக்குச் சுடர் ஒரு சிறிய மஞ்சள் புழுவாக நெளிந்துகொண்டிருந்தது. கை நடுங்க நடுங்க அது இன்னும் நெளிந்தது.

அந்தச் சடங்குக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒருவன் வந்து இடத்தைக் கூட்டுவான்; அடுத்தவன் தண்ணீர் தெளிப்பான்; பிறகு சிம்மாசனம் போடுவார்கள்; அதில் அனுமார் வந்து அமர்வார்; அவரிடம்தான் கேள்வியைக் கேட்க வேண்டும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

“கூட்டுதவன் வந்துட்டானாய்யா?” என்று மைக்காரர் கேட்டார். சுடர் அங்குமிங்கும் ஆடியது விளக்குமாறு போலத்தான் இருந்தது. வந்துவிட்டான் என்றேன். “தண்ணி தெளிக்கானா, பாரு.” நான் உற்றுப் பார்த்தேன். இமைக்காமல் இருந்ததில் கண்ணில் நீர் கோத்து, மை முழுவதும் பளபளத்தது. “தண்ணி தெரியுது” என்றேன்.

எனக்குப் பின்னால் சித்தி விம்மியது கேட்டது. அப்பா, “எந்தத் தண்ணிலே? எங்க?” என்று கிட்டே வந்துவிட்டார். தண்ணீர் தெளிக்கிறவனைப் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் அது என்பது அந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரியும். கேட்டவருக்கும் சொன்ன எனக்கும். மைக்காரர் ஒரு நொடி என் தலைக்கு மேலே பெரியவர்களைப் பார்த்தார். பிறகு சிம்மாசனத்தையும் அனுமாரையும் அப்படியே விட்டுவிட்டு, “அந்தத் தண்ணிப் பக்கமா ஆரு நிக்கா, நல்லாப் பாருய்யா” என்றார்.

“சித்தப்பா” என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமும் இல்லை. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த அறையில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. அதை எடுத்து வைத்தேன். பௌர்ணமிக்குள் சேதி வரும் என்று மைக்காரர் முடித்தார். லீஃப் புதன்கிழமை என்றார். இவர் பௌர்ணமி என்றார். குறி சொல்கிறவர்கள் இடத்தைவிட நாளையே தாராளமாகக் கொடுக்கிறார்கள். இடம் சொன்னால் போய்ப் பார்த்துவிடுவார்கள். நாள் சொன்னால் காத்திருப்பார்கள். காத்திருக்க ஒரு கெடு கிடைத்ததும் ஆச்சி அன்று இரவு பத்து நாளைக்குப் பிறகு முதன்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகையால் அந்த மைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

ஆனால் தண்ணீர் என்ற சொல் அதன் போக்கில் வேலை செய்தது. எங்களுடையது கரிசல் காடு. அங்கே தண்ணீர் என்றால் ஒன்று கிணறு, இல்லையென்றால் வெகுதூரம். அப்பாவுக்கு அது கிணறாகத் தெரிந்தது. சித்திக்குத் தெரியாமல், இருட்டியபின், பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். விழுந்த வாளியை எடுக்கிற கரண்டி. விடியற்காலம் திரும்பி வந்து அதை மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளித்து வைப்பார். ஒரு நாள் அதன் கொக்கியில் நைந்த வேட்டித் துணி ஒன்று சுற்றியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். பழைய துணி, யாருடையதோ என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

சித்திக்கு அதே தண்ணீர் கடலாகத் தெரிந்தது. நிற்கிறார் என்றுதானே பிள்ளை சொன்னான், கிடக்கிறார் என்று சொல்லவில்லையே என்பது அவர் வாதம். திருச்செந்தூர், கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று கோவிலும் கடலும் சேர்ந்திருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய், தோள் ஒட்டிய அந்தப் போட்டோவைச் சாமியார்களிடமும் சங்கு விற்பவர்களிடமும் காட்டினார். அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று தகவல் வரும்போது அப்பா மட்டும் போய் வருவார். எந்த எல்லையில் கிடைக்கிறதோ அந்த எல்லையில் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்து, படம் எடுத்து, பக்கத்து நிலையங்களுக்குத் தெரிவிப்பார்கள். காணாமல் போனவர்களின் பட்டியலோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு முறை போனார். நான்கு முறையும் கிணற்றடியில் நெடுநேரம் குளித்துவிட்டு உள்ளே வந்து, இல்லை என்று ஒரு சொல் சொன்னார். நண்பரின் நாவலில் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஆவி வந்து பேசும் காட்சியைப் படித்தபோது, அந்த ஆவி யாரையெல்லாம் எத்தனை பிணவறைகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஏழு வருடம்

பௌர்ணமிகள் போயின. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது என்று புரோகிதர் சொல்லிப் பார்த்தார். சித்தி காதில் வாங்கவில்லை. குங்குமமும் தாலியும் அப்படியே இருந்தன. தாத்தாவின் நிலம் பாகப்பிரிவினைக்கு வந்தபோதுதான் சிக்கல். சித்தப்பாவின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட ஆள் இல்லை. வாரிசுச் சான்று வேண்டும் என்றால் இறப்புச் சான்று வேண்டும். இறப்புச் சான்று வேண்டும் என்றால் இறப்பு வேண்டும்.

1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு இதற்காகவே இருந்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண் மாறியிருக்கிறது, சாரம் மாறவில்லை. ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்கிறவரைச் சேரும். எவ்வளவு நுணுக்கமான வாக்கியம் என்று பிற்காலத்தில் வியந்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்று சட்டம் அடித்துச் சொல்வதில்லை. எந்த நாளில் இறந்தார் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. உயிரோடு இருப்பதாகச் சொல்கிறவர் வந்து காட்டட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பிணமும் கிடைக்காமல் ஆவியும் வராமல் ஒரு தேடுதலை முடித்து வைப்பதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழி அது.

வழக்குப் போட்டு, நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, 1996-இல் சித்தி சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. நான் கல்லூரியில் முதலாண்டு. துணைக்கு நான்தான் போனேன். வக்கீல் முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்: ஒரே ஒரு கேள்விதான் முக்கியம், இந்த ஒன்பது வருடத்தில் அவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்று கேட்பேன், இல்லை என்று சொன்னால் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம். சித்தி தலையாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, “மையில பாத்தமே, அது கேள்விப்பட்டதுல சேராதா?” என்று கேட்டார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதெல்லாம் கோர்ட்டில் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள் அம்மா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

மறுநாள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். பெயர், வயது, உறவு எல்லாம் ஆயிற்று. அந்தக் கேள்வி வந்தது. மின்விசிறியின் இரைச்சலில் காதில் விழவில்லையோ என்று வக்கீல் இன்னொரு முறை கேட்டார். சித்தி முன்சீப்பைப் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. டைப் அடிக்கிறவர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இல்ல” என்றார் சித்தி. டைப்ரைட்டர் அதை அடித்தது.

வெளியே வந்து கோர்ட் வாசல் கடையில் எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். தமக்கு வேண்டாம் என்றார். நான் பாதி குடித்திருக்கும்போது, வேப்பமரத்தடியில் நின்றிருந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே, “நீ அன்னைக்குப் பாத்தது நெசந்தானய்யா?” என்று கேட்டார்.

எனக்கு அப்போது வயது பதினெட்டு. மஞ்சள் புழு, என் மூக்கு, கூட்டுகிறவன், தண்ணீர் தெளிக்கிறவன், கொக்கியில் சுற்றியிருந்த துணி எல்லாம் வரிசையாக நினைவில் இருந்தன.

“ஆமா சித்தி” என்றேன்.